பின்னால் வருபவருக்கான விளக்கு



வண்டியின் முன்விளக்கு நாம் பார்ப்பதற்கு. பின்விளக்கு நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. முன்விளக்கு அணைந்தால் அக்கணமே அறிந்துகொள்கிறோம். பின்விளக்கு பழுதானாலோ ஊரார் அனைவருக்கும் தெரிந்த பிறகே ஓட்டுபவருக்குத் தெரிகிறது. இந்த உண்மையை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

மழைக்காலத்து இரவொன்றில், மதரஸா மாணவர் அறுவரை ஏற்றிக்கொண்டு இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்களுடையது 18 ஆண்டுப் பழைய வேன். தேநீர்க் கடையொன்றைக் கண்டு வேகத்தைக் குறைத்தபோது, பின்னால் வந்த லாரி பெருஞ்சத்தத்துடன் பிரேக் பிடித்து, எங்களை உரசுமளவு நெருங்கி நின்றது. சினத்தோடு இறங்கி வந்த ஓட்டுநர், உள்ளே பிள்ளைகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாய், நீங்க பிரேக் போட்டா இடது பக்க லைட்டு அணைஞ்சு போகுது. வலது பக்கம் ஒண்ணுதான் தெரியுது. மோட்டார் சைக்கிள்னு நெனச்சு இடது பக்கமா ஏறப் பார்த்தேன்."

அவர் ஏற நினைத்த இடது பக்கத்தில்தான் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். வீடு வந்து சேரும்வரை என் கைகளின் நடுக்கம் அடங்கவில்லை.

மறுநாள் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "ஒயர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு, முழு ஒயரிங்கையும் மாத்தணும்" என்று சொல்லி, எங்களால் இயலாத ஒரு தொகையையும் கூறினார். கவலையோடு திரும்புகையில், எங்கள் தெருவில் நெடுங்காலம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் கண்டு விவரம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஒயரிங்கைத் தொடாதீங்க ஹஜ்ரத். மொதல்ல எர்த்தைப் பாருங்க" என்றார்.

திரும்பும் வழி

நான் கலைப் பட்டதாரி; மின்னியல் படித்தவன் அல்லன். ஆயினும் அவர் விளக்கியது எனக்கும் புரிந்தது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஒயர் வழியாக பல்பை அடைகிறது. அடைந்தால் மட்டும் போதாது. அது பேட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடலே பாதை. பல்பு ஹோல்டரை அந்த உடலோடு இணைப்பதே எர்த்.

பழைய வண்டிகள் பலவற்றின் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை இரவு முழுதும் எரிவது. 21 வாட் இழை பிரேக்கை மிதிக்கும்போது எரிவது. எர்த் துண்டிக்கப்பட்டால், சிறிய இழைக்கு வந்த மின்சாரம் வெளியேற வழியின்றிப் பெரிய இழையினுள் நுழைந்து, பிரேக் ஒயர் வழியே மறுபக்க விளக்கை அடைந்து எர்த்துக்குப் போகிறது. ஆகையால் விளக்கு எரிவது போலவே தோன்றும். பிரேக்கை மிதித்தவுடன் அந்த வழியிலும் எதிரே மின்சாரம் வந்துவிடுகிறது. இரு பக்கமும் வரவு, செலவுக்கு வழியில்லை. விளக்கு அணைந்துவிடுகிறது. நின்றுபோவதை அறிவிக்க வேண்டிய விளக்கு, சரியாக அந்நேரத்தில் ஊமையாகிறது!

இதைச் சோதிப்பது எளிது. ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகப் பகுதியிலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத உடல் இரும்பிலும் வைத்துப் பிடியுங்கள். விளக்கு ஒழுங்காக எரிந்தால் குற்றம் எர்த்தில்தான். நாங்கள் அவ்வாறே செய்தோம். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எர்த் ஒயரைப் பிணைத்திருந்த ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே முழுவதும் துரு. கடற்கரை ஊரின் உப்புக்காற்று செய்த வேலை. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக முறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினோம். செலவு ஓர் உப்புத்தாளின் விலை.

வரிசையாகப் பாருங்கள்

பின்விளக்கின் எல்லாக் கோளாறும் எர்த்தினால் வருவதன்று. எனினும் வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையெனில், முதலில் மறுபக்கத்துப் பல்பை இங்கே மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரட்டை இழைப் பல்பின் இரு பக்கப் பின்களும் ஒரே உயரத்தில் இரா. அதனைத் தலைகீழாகத் திணிக்கலாகாது.

இரு பிரேக் விளக்குகளும் ஒருசேர எரியவில்லையெனில் பல்புகளைக் குறை சொல்லாதீர்கள். ஃப்யூஸையும், பிரேக் மிதியருகே உள்ள சுவிட்சையும் பாருங்கள். சுவிட்சின் இரு ஒயர்களையும் ஒன்றுசேர்த்தால் விளக்குகள் எரியுமாயின், மாற்ற வேண்டியது சுவிட்சையே. சில பழைய வண்டிகளில் இச்சுவிட்ச் பிரேக் எண்ணெய்க் குழாயில் இருக்கும்.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால், அப்பக்கத்துப் பல்புகளில் ஒன்று போயிருக்கலாம். அல்லது வாட் குறைந்த பல்பு போடப்பட்டிருக்கலாம்.

ஃப்யூஸ் மீண்டும் மீண்டும் எரிந்துபோனால், எங்கோ ஒயரின் தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது. டிக்கிக் கதவின் கீல் அருகே, ஒயர் மடங்கி மடங்கி நிமிரும் இடத்தை முதலில் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: ஃப்யூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ வைப்பவர்கள் உண்டு. ஃப்யூஸ் ஒரு காவலாளி. காவலாளி எரியாவிடில் ஒயர் எரியும். ஒயரோடு வண்டியும் எரியக்கூடும். குறித்த ஆம்பியருக்கு மேற்பட்ட ஃப்யூஸையும் போடாதீர்கள். ஒயர்களைக் கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிடுவதும் நன்று.

அம்பாசடர், மாருதி 800 ஆகிய கார்களின் உற்பத்தி 2014 ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும் அவை இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. பழைய வண்டி வைத்திருப்பது குறையன்று. அதன் முதுகைப் பாராதிருப்பதே குறை. பின்விளக்கின் சிவப்பொளி 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்பது 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. அத்தொலைவு லாரி ஓட்டுநருக்கு நாம் அளிக்கும் அவகாசம்.

இப்போதெல்லாம் இரவுப் பயணத்திற்கு முன் என் மகன் வேனின் பின்னால் போய் நிற்பான். நான் ஒவ்வொன்றாகப் போடுவேன். "எரியுது வாப்பா… பிரேக் எரியுது வாப்பா… இடது… வலது…" என்று அவன் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. உதவிக்கு ஆள் இல்லாத நாளில், வண்டியின் பின்புறத்தை வெள்ளைச் சுவரருகே நிறுத்தி, கண்ணாடியில் ஒளியைப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்றிரவு உங்கள் வண்டியின் பின்னாலும் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் கேளாதீர்கள். பிரேக்கை மிதிக்கும்போதும் எரிகிறதா என்று கேளுங்கள்.