மாப்பைக் கொடுக்கும் முன்

ஆஸ்பத்திரித் துப்புரவு மேற்பார்வை என் வேலை. வில்லியனூர்ப் பக்கமிருந்து புதிதாக வரும் பெண்களிடம் முதலில், "நாலு நிறம் தெரியுமாம்மா?" என்று கேட்பேன். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய் சிவப்பில், கண்ணாடிக் குப்பி நீலத்தில், ஊசி மட்டும் துளைக்காத வெள்ளை டப்பாவில். ஊசி தவறிப் பையில் விழுந்தால், அதைத் தூக்குகிறவள் கையில்தான் குத்தும். பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். பணிவு, நேரந்தவறாமை எல்லாம் நம் பெண்களிடம் ஏற்கெனவே உண்டு. இந்த அறிவைத்தான் நாம் தர வேண்டும்.

சேரும்போதே பயிற்சி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள்: 2016 மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. ஆனாலும் முதல் நாளே மாப்பைக் கொடுத்து வார்டுக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. தடுப்பூசி போடாமல் ஒருத்தியையும் உள்ளே விடக் கூடாது. பயிற்சி நாளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.