மிஞ்சுதலும் விஞ்சுதலும்

சுருவில் கிராமத்திலிருந்து எம்மிடம் ஆங்கிலம் பயில வரும் மாணவன் ஒருவன், சென்ற வாரப் பயிற்சியில் தன் தந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருந்தான். அவரிலும் மேலாக வரவேண்டும் என்பதே அவன் சொல்ல நினைத்தது. அதற்கு 'எக்சீட்' என்னும் வினையை எடுத்து, அதன் பின்னே 'தான்' என்னும் ஒப்பீட்டுச் சொல்லையும் சேர்த்திருந்தான். நாம் சிவப்பு மையால் இரண்டையும் வெட்டினோம்.

"அப்பாவை விட என்றுதானே சொல்லுகிறோம், சேர்?" என்றான்.

நியாயமான கேள்வி. 'பிகர் தான்' என்னும் பெயரடை ஒப்பீட்டில் அச்சொல் வேண்டும். 'எக்சீட்', 'சர்பாஸ்' ஆகிய வினைகளுக்கோ வேண்டியதில்லை. தமிழிலும் 'அவனை விஞ்சினான்' என்கிறோமேயன்றி, 'அவனை விட விஞ்சினான்' என்பதில்லை. இரண்டாம் வேற்றுமையே போதும்.

இனிச் சொற்களை நோக்குவோம். 'எக்சீட்' என்பது 'வெளியே செல்லுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிற் பிறந்தது. வரம்பு, அளவு, தொகை ஆகியவற்றைத் தாண்டுதலுக்கு இது பெரிதும் ஏற்கும். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகேறுவோர் அனுமதித்த தொகையைத் தாண்டினால் 'எக்சீட்' எனலாம். இரட்டை 'ஈ' எழுத்துப் பெற்று இவ்வாறு முடிவன மூன்று வினைகளே: எக்சீட், புரொசீட், சக்சீட். 'சர்பாஸ்' பிரெஞ்சு வழி வந்தது. 'மேலாகக் கடத்தல்' என்பது அதன் பொருள். ஆளையும் ஆற்றலையும் விஞ்சுதற்கு அதுவே ஏற்றது. 'எக்ஸெல்' என்பதற்கோ எதிரே ஒருவர் நிற்கவேண்டிய அவசியமில்லை. ஒரு துறையிற் சிறந்து விளங்கினாற் போதும். இதே தீவின் கரம்பனில் 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகளார், 1952இல் 'தமிழ்க் கல்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். தமிழாய்விலே அவர் 'எக்ஸெல்' செய்தார் என்றால், எவரையும் தாழ்த்தியதாகாது.

மாணவன் சற்றுத் தயங்கினான். "அப்பாவை மிஞ்சுவது மரியாதைக் குறைவில்லையா, சேர்?"

அவன் தந்தை 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு பள்ளிப்படிப்பு நின்றுபோனவர்; இன்று கடற்றொழில் செய்கிறார். மகன் எழுதுவதை இரவில் வாசித்துக் காட்டச் சொல்லிப் பொருள் கேட்பாராம்.

இப்போதுதான் அவன் பிழையின் ஆழம் எமக்குப் புலனாயிற்று. தமிழில் 'மிஞ்சுதல்' என்றால், சொல்லுக்கு அடங்காமை என்ற பொருளும் உண்டு. 'எக்சீட்' என்பதிலும் வரம்பு மீறும் சாயல் உண்டு. அவனுக்கு வேண்டியது 'விஞ்சுதல்'. மக்கள் தம்மினும் அறிவுடையராதல் இனிது என்பது வள்ளுவர் கருத்து. தந்தைக்கு அது தோல்வியன்று. அவர் உழைப்பின் பலன்.

'எக்சீட்' இருந்த இடத்தில் 'சர்பாஸ்' என்று எழுதி, அன்றிரவே தந்தைக்குப் பொருள் சொல்லுமாறு அனுப்பினோம். மறுநாள் வந்தவன் முகமலர்ச்சியோடு கூறினான்: "அப்பா அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்தார், சேர்."

மாணவ அன்பர்களே, இம்மூன்று வினைகளையும் வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.