பெட்டியைத் திறக்காமல் பூட்டிவைப்பதா சேகரிப்பு?

பழைய வீடியோ கேம் கருவிகளுக்கு இப்போது பெரிய மவுசு. 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில், உறைகூடப் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ காட்ரிட்ஜ் ஒன்று 1.56 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. உறையைக் கிழித்தால் மதிப்பு போய்விடும் என்பதால், இப்படி வாங்கப்படுபவற்றை யாரும் விளையாடிப் பார்ப்பதில்லை. இதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெர்கோங்கிலோ சுங்கைப்பட்டாணியிலோ உள்ள உங்கள் அப்பாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள். சிறுவயதில் என்ன விளையாடினீர்கள் என்றால், ‘நிண்டெண்டோ’ என்பவரைவிட ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்பவர்தான் அதிகம் இருப்பார். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15-இல் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ கருவியைப் பார்த்துத் தைவானில் செய்யப்பட்ட நகல் அது. தெருவில் ஒரு வீட்டில் அது இருந்தால் போதும், வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடக்கும்.

சேகரிப்பாளர் பலர் நகலை மதிப்பதில்லை. அனுமதியில்லாமல் நகலெடுத்த காட்ரிட்ஜ்களால், அந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்களுக்கு ஒரு சென்னும் போய்ச்சேரவில்லை என்பது உண்மைதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கெடாவில் வீடியோ கேம் எப்படி வந்தது என்று எழுதப்போனால், அந்த நகலைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, பார்க்காத ஜப்பான் கருவிக்கு ஏங்குவதில் பொருளில்லை.

நான் சொல்லவருவது வேறொன்று. உங்கள் வீட்டில் உள்ள மின்னணுக் கருவிகளில், படிவம் நான்கு மாணவர் ஒருவர் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடியது அநேகமாக இது ஒன்றுதான். கைப்பேசியைத் திறந்தால் எதுவும் விளங்காது. ஃபேமிகாமிலோ 8 பிட் செயலி ஒன்று, படம் வரையும் சில்லு ஒன்று, 2 கிலோபைட் வேலை நினைவகம், படத்துக்கென்று இன்னொரு 2 கிலோபைட். செயலி விநாடிக்கு ஏறத்தாழ 1.8 மில்லியன் முறை துடிக்கும். அவ்வளவுதான்!

1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழு விளையாட்டும் 40 கிலோபைட். நீங்கள் எடுக்கும் 4 மெகாபைட் படம் ஒன்றில் அதுபோல நூறு விளையாட்டுகளை அடக்கலாம். இடத்தை மிச்சப்படுத்த என்ன செய்தார்கள் தெரியுமா? வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். எதிரிகள் கூடும்போது உருவங்கள் மின்னி மின்னி மறைவதும் பழுதன்று. திரையின் ஒரு வரியில் எட்டு நகரும் உருவத் துண்டுகளுக்குமேல் அந்தச் சில்லால் வரைய முடியாது. ஆகவே நிரலாளர்கள் ஒருமுறை இவரை, மறுமுறை அவரை என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி இன்னும் சுவையானது. அதிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. அது ஒளியைப் பார்க்கும் கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய்த் தொலைக்காட்சி உடனுக்குடன் வரி வரியாக வரைவதால்தான் இது நடந்தது. இன்றைய தட்டைத் திரை சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. ஆக, கருவியை மட்டும் காப்பாற்றினால் போதாது. அந்தத் தொலைக்காட்சியும் வேண்டும். ஆனால் அதன் முதுகை மட்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உயர் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும்.

அலமாரியில் பூட்டிவைத்தால் கருவி நன்றாக இருக்கும் என்பதும் தவறான எண்ணம். மின்தேக்கிகளில் உள்ள திரவம் வருடக்கணக்கில் கசிந்து காயும். நம் ஊர் ஈரப்பதத்தில் உலோக முனைகள் கறுத்துப்போகும். காட்ரிட்ஜை வாயால் ஊதிச் செருகிய கதை எல்லார் வீட்டிலும் உண்டு. ஊதியதால் அது ஓடவில்லை. கழற்றி மறுபடி செருகியதில் முனைகள் சரியாகப் பொருந்தியதால் ஓடியது. ஊதும்போது மூச்சின் ஈரம் போய் முனைகளை அரிக்கத்தான் செய்யும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். இதெல்லாம் திறந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

விளையாட்டுகளும் மறைகின்றன. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடைகளில் முறைப்படி வாங்கக் கிடைக்கவில்லை என்று 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அங்கேயே அப்படி!

கெடா மாணவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. உலகின் முதல் வீட்டு வீடியோ கேம் கருவியான ‘மேக்னவாக்ஸ் ஒடிசி’ 1972-இல் வந்தது; அதில் ஒரு சில்லுகூடக் கிடையாது. அதே ஆண்டில்தான் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பக்கத்திலுள்ள பினாங்கில் தொடங்கியது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. உங்களில் பலர் நாளை வேலை தேடிப் போகப்போவது அங்கேதான். போவதற்குமுன் ஒரு பலகையையாவது கையில் எடுத்து, எது செயலி, எது நினைவகம் என்று விரலால் தொட்டுக் காட்டத் தெரிய வேண்டாமா? பள்ளி அறிவியல் கழகங்கள் பழைய கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி மேசைமேல் வைக்கலாம். மலிவான பிற்கால நகல்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் எல்லாமே ஒரே சில்லுக்குள் போய், கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். பார்க்க ஒன்றுமில்லை.

ஜப்பானிலிருந்து வந்த அசல் கருவி யார் வீட்டிலாவது கிடைத்தால் அவசரப்பட்டுச் சுவரில் செருகிவிடாதீர்கள். அதன் அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, நம் வீட்டில் வருவது 230. முதலில் அடாப்டரைத் திருப்பி, அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.