காப்பியடிப்பது தப்பில்லை: சொல்வது உங்கள் கணக்கு டீச்சர்



தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரிப்பீர்கள். பரீட்சையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்ததற்காக என்னிடம் குட்டு வாங்கியவர்கள் இந்தப் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் காப்பி வேறு. இன்று சொல்லப்போவது கைவேலையில் செய்கிற காப்பி.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். தாம்பூலத்தோடு ஒரு கைக்குட்டையும் கொடுத்தாள். அதன் ஓரத்தில் நீல நூலில், காம்புத் தையலில், "நன்றாகப் படி" என்று ஒரு வரி, கீழே என் கையெழுத்து. அச்சு அசல் நான் எழுதுவது போலவே இருந்தது. அவள் பள்ளி முடித்துப் போகும்போது ஆட்டோகிராஃப் நோட்டில் நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே படியெடுத்துத் தைத்திருக்கிறாள்.

நான் பாராட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, "எட்டாவதுல கார்பன் வச்சு நான் வரைஞ்ச பாரதியார் படத்துல, சிவப்பு மையில 'காப்பி'ன்னு எழுதி அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா டீச்சர்? அதுக்கப்புறம் நான் பென்சிலையே தொடல. அம்மா தவறினப்புறம்தான் மறுபடி எடுத்தேன்" என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் சுருக்கென்றது. எனக்கு அரை நிமிட வேலை, அவளுக்கு இத்தனை வருடம். அவளிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவளைப் போல என்னிடம் அடி வாங்கிய மற்றவர்களிடம் இங்கே கேட்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். நாம் 'அ' எழுதக் கற்றதே, பெரியவர்கள் எழுதியதன் மேல் விரலை ஓட்டித்தான். கோலம் கற்றதும் அம்மா போட்டதைப் பார்த்துப் போட்டுத்தான். மேலே ஓட்டி ஓட்டித்தான் கைக்கு வளைவு பழகும். பழகிய கைதான் பிறகு சொந்தமாகப் போடும். "எனக்கு வரையவே வராது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர், என்னைப் போன்ற ஒருவரிடம் 'காப்பி' என்று பெயர் வாங்கியவர்களாக இருப்பார்கள்.

இதற்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளுக்கு ஐரோப்பாவே மயங்கிக் கிடந்த காலம் அது. பிரான்ஸ் தன் நெசவாளர்களைக் காப்பாற்ற 1686 முதல் 1759 வரை இந்தத் துணிகளுக்குத் தடையே போட்டிருந்தது. அந்தத் தடைக்காலத்திலேயே, 1734 வாக்கில், பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் இருந்தபடி, துணிக்குச் சாயம் எழுதும் முறையைப் படிப்படியாகக் குறித்து, ஒவ்வொரு படிக்கும் துணித் துண்டு வைத்துப் பாரிசுக்குக் கொண்டு போனார். 1742-இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் அதையே தொழிலாளிகளிடம் கேட்டு விரிவாகக் கடிதம் எழுதினார். டிசைனைத் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் குத்தி, துணிமேல் வைத்துக் கரித்தூள் தட்டிப் படியெடுப்பார்கள் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கிறது. இத்தாலியில் ரஃபேல் போன்ற ஓவியர்கள் சுவரில் படம் ஏற்றியதும் இதே ஊசித்துளை முறையில்தான். இன்றும் எம்பிராய்டரிக்காரர்கள் துளையிட்ட தாளில் மண்ணெண்ணெயும் நீலப் பொடியும் கலந்து தேய்க்கிறார்கள். 1827-இல் நம் ஊருக்கு வந்த க்ளூனி சகோதரிகளின் எம்பிராய்டரி மையம் ரோமன் ரோலண்ட் வீதியில் இருக்கிறது. போய் ஒருமுறை அந்தக் கைவேலையைப் பாருங்கள்.

இனி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான்கு வழிகள்.

ஒன்று, ஜன்னல். படத்தைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத் தாளோ மெல்லிய வெள்ளைத் துணியோ வைத்து வரையுங்கள். காசு செலவே இல்லை.

இரண்டு, பென்சில். டிரேசிங் பேப்பரில் படியெடுத்து, அதன் பின்பக்கம் மெத்தென்ற பென்சிலால் தேய்த்து, அட்டைமேல் வைத்து, கோட்டின் மேல் மறுபடி அழுத்தி ஓட்டுங்கள். பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்கு இது போதும். பென்சில் கோடு போட்ட பக்கத்தையே கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி விழும். பேர் எழுதும்போது கவனம்.

மூன்று, துணிக்கு கார்பன். ஆபீஸ் கார்பன் வேண்டாம், கறை போகாது. தையல் சாமான் கடையில் துணிக்கென்றே கார்பன் கிடைக்கும். கருந்துணிக்கு மஞ்சள் அல்லது வெள்ளை வாங்குங்கள். ஓரத்துணியில் ஒரு கோடு போட்டுத் துவைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான்கு, கட்டம். இது நம்ம பாடம்! சின்னப் படத்தின் மேல் 1 செ.மீ. கட்டம், பெரிய தாளில் 3 செ.மீ. கட்டம். கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தால் படம் மூன்று மடங்காகும். "டீச்சர், விகிதம் எதுக்குப் பயன்படும்?" என்று கேட்டவர்களுக்கு, பல வருடம் தாமதமாகப் பதில்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தச் சாயத்துணிக் கதையின் மறுபக்கத்தை மறக்கக் கூடாது. தடை நீங்கிய மறு வருடமே, 1760-இல், ஓபர்காம்ஃப் என்பவர் வெர்சாய் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் துணி அச்சிடும் ஆலை தொடங்கிப் பெரும் புகழ் பெற்றார். அந்த ஊர்ப் பெயரை உலகம் இன்றும் சொல்கிறது. முறையைச் சொல்லிக் கொடுத்த நம் கரைத் தொழிலாளி ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. ஆகவே, கற்கவும் பிரியமானவர்களுக்குக் கொடுக்கவும் தாராளமாகக் காப்பியடியுங்கள். இன்னொருவர் டிசைனை விற்றுக் காசு பார்ப்பதென்றால் அவரிடம் கேளுங்கள், அவர் பேரைச் சொல்லுங்கள்.

கடையில் போட்டோ கொடுத்தால் பத்து நிமிடத்தில் பேர் போட்ட கப் வந்துவிடுகிறது. எனக்கே நாலைந்து வந்திருக்கிறது, அதில்தான் காபி குடிக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கைக்குட்டையை எடுக்கவே மனம் வரவில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த மாணவி அம்மா தவறிய பிறகு முதலில் படியெடுத்தது, அம்மாவின் கோல நோட்டை. பென்சில் கோடுகள் மங்கி, தாள் மடிப்பில் கிழிந்துகொண்டிருந்ததாம். அதிலிருந்து ஒரு சிக்குக் கோலத்தை மகளின் கல்யாணத் தாம்பூலப் பையில் தைக்கிறாள். பாட்டி பேத்தி கல்யாணத்துக்கு வந்த மாதிரிதானே!

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். கோலமோ, மளிகைக் கணக்கோ, ஊறுகாய்க்கு அளவோ, அவர்கள் கையால் எழுதிய ஏதோ ஒன்று. பழைய பேப்பருக்குப் போடுவதற்கு முன் ஒரு டிரேசிங் பேப்பர் வாங்குங்கள். கோடு கோணலாக வந்தால் பரவாயில்லை.

செய்ததைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். இந்த முறை சிவப்பு மை கிடையாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்