பழைய குறுந்தகடும் புதிய கணினியும்

"பழைய குறுந்தகட்டில் உள்ள மென்பொருள் புதிய கணினியில் ஏறுமா?" என்று கேட்டால், "ஏறாது, தூக்கிப் போடு" என்றே பலரும் சொல்லிவிடுகின்றனர். இது சரியான தீர்ப்பா? சற்றே சிந்திப்போம்.

மென்பொருள் வேறு, அதைக் கணினியில் குடியேற்றும் 'செட்டப்' வேறு. 1990களில் வந்த மென்பொருள்கள் சில 32 பிட் வகையைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றின் செட்டப் மட்டும் 16 பிட் வகையாகவே இருந்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை இயக்குவதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11இலோ 64 பிட் வகை மட்டுமே உண்டு. ஆகவே, குடியிருக்கத் தகுதியுள்ளவர் வந்த வண்டி பழையது என்பதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்!

வழியே இல்லையா? உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலமான 2001 முதலே, பழைய பதிப்பைப் போல நடந்துகொள்ளும் வசதி விண்டோஸில் உள்ளது. 32 பிட் மென்பொருள்கள் பல இதனால் இயங்கும். டாஸ் காலத்து நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் உதவும். அதற்கும் மேல், கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை அமைத்துப் பழைய விண்டோஸை அதில் ஏற்றலாம்.

"புதியது இருக்கப் பழையது எதற்கு?" என்று கேட்பீர்கள். அன்றாட வேலைக்குப் பழையது வேண்டாம். பாதுகாப்பு இல்லாத பழைய விண்டோஸை இணையத்தில் இணைப்பது ஆபத்தே. ஆனால் நம் தமிழை எண்ணிப் பாருங்கள். அன்று ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துக் குறியீட்டை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010இல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சு செய்த விழா மலர்களும் கட்டுரைகளும், உரிய எழுத்துரு இல்லையேல், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும். செட்டப் இயங்காவிட்டால் இழப்பது மென்பொருளை மட்டுமா? நம் எழுத்தையும் அல்லவா!

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துப் பாறையில் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் உள்ளன. கல் அழியவில்லை, வாசிக்கும் அறிவுதான் மறைந்தது. அத்தகைய குகைக் கல்வெட்டுக்களின் மொழி தமிழே என்று அறிஞர்கள் கண்டது கடந்த நூற்றாண்டில்தான். ஓலைச்சுவடிகளோ, தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டதால் நம் கைக்கு வந்து சேர்ந்தன.

தோழியரே, நாமும் பெயர்த்தெழுதுவோம். வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பழைய குறுந்தகடுகளை எறியும் முன் திறந்து பார்ப்போம். பழைய கணினி ஒன்று உயிரோடு இருக்கும்போதே அதிலுள்ள எழுத்துக்களை யூனிகோடுக்கு மாற்றி இரு இடங்களில் சேமிப்போம். பழைய மென்பொருள் ஓய்வு பெறட்டும். அதில் எழுதியவர்களின் உழைப்பு ஓய்ந்துவிட வேண்டாம்.

– பதினோராம் வகுப்பு மாணவி