மாலை போட்டு அனுப்பினால் போதுமா?

தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கோயில் முன்றலில் மேடை போடுகிறோம். மாலை, பொன்னாடை எல்லாம் நடக்கிறது. தலைவர் பேசுகிறார், அதிபர் பேசுகிறார், வெளியிலிருந்து வந்த பிரமுகர் அரை மணித்தியாலம் பேசுகிறார். பிள்ளை மட்டும் பேசுவதில்லை. ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் "எல்லாருக்கும் நன்றி" என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறது. அடக்கமான பிள்ளை என்று நாமும் மெச்சிக்கொள்கிறோம்.

அந்த அடக்கம் அடுத்த மாதம் அந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்துகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

எமது தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி முதலாம் வருடத்தில் பட்டதைப் பிறகுதான் எங்களிடம் சொன்னாள். விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசை. விளங்காததைக் கேட்க எழும்புவதற்கு ஆங்கிலமும் இல்லை, தைரியமும் இல்லை. சிற்றுண்டிச்சாலையில் சிங்களத்தில் கேட்டு வாங்க வேண்டும். வரிசையில் பின்னுக்கு நிற்பவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பல நாள் மத்தியானம் பிஸ்கட்டும் தண்ணீரும்தான். சரி, தமிழ்ப் பிள்ளைகளோடாவது சேரலாமென்றால் அங்கேயும் ஒரு தடங்கல். "வந்துச்சு, போச்சு" என்று இவள் பேசியதை யாரோ திருப்பிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, விளையாட்டாகத்தான். ஆனால் அன்றிலிருந்து இவள் வாயைத் திறப்பதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் "அட்டன்" என்பாளாம். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "அப்பா என்ன செய்றார்?" என்று வந்துவிடுமே!

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் அம்மா கேட்பது "சாப்பிட்டியா?" மகள் சொல்வது "சாப்பிட்டேன்." அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. காய்ச்சல் என்றாள், பிறகு வயிற்றுவலி என்றாள். அப்பா கோபப்பட்டார், கடன் வாங்கிப் படுக்கை, பெட்டி எல்லாம் வாங்கிக் கொடுத்தவருக்குக் கோபம் வராதா? பக்கத்து டிவிசனில் அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் அக்கா ஒருத்திக்குச் செய்தி போனது. அவள் லயத்துக்கு வந்தாள். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "நானும் முதல் வருசம் அழுதுகிட்டேதான் இருந்தேன். வா, ஒரே பஸ்ஸில போவோம்" என்றாள். கூட்டிப் போனாள். இன்று எமது பிள்ளை இரண்டாம் வருடம்.

எல்லோருக்கும் அப்படியொரு அக்கா கிடைப்பதில்லை. எமக்குத் தெரிந்த ஒரு பையன் இதேபோல் வந்து, திரும்பிப் போகாமல், இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவனுக்கும் நாம் மாலை போட்டோம்.

"கூச்ச சுபாவம், என்ன செய்வது?" என்று சிலர் சொல்கிறார்கள். சுபாவம் என்பதை நாம் மறுக்கவில்லை. எந்த ஊரிலும் எந்தச் சாதிசனத்திலும் கூச்சமுள்ள பிள்ளை உண்டு; அது குற்றமுமல்ல. ஆனால் எமது பிள்ளைகளின் வாயை அடைத்ததில் எமக்கும் பங்கிருக்கிறது. ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்றது யார்? துரை வந்தால் ஒதுங்கி நில் என்று சொல்லிக் கொடுத்தது யார்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். பல லயங்களில் இன்று போகும் பிள்ளைதான் முதலாவது. பல்கலைக்கழகத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. கொழுந்து எடுக்கும் தாய்க்கு அது தெரியாதது அவளுடைய தவறுமல்ல.

ஆகவே "தைரியமாக இரு" என்று மேடையில் சொல்வதை விட்டுவிடுவோம். தைரியம் சொல்லி வருவதில்லை. கூச்சமுள்ள பிள்ளை கூச்சத்தோடேயே படித்து முடிக்க வழி இருக்கிறது. நூறு பேர் முன்னால் கேள்வி கேட்க முடியாவிட்டால் அதைத் தாளில் எழுதிக்கொண்டு விரிவுரையாளரின் அறைக்குப் போகலாம். பத்துப் பேர் நண்பர்கள் வேண்டாம், விடுதி அறையில் ஒருத்தி போதும். மாணவர் ஆலோசகர் என்று விரிவுரையாளர்களை நியமித்திருக்கிறார்கள். அவர்களிடம் போவது முறைப்பாடு செய்வதற்கு மட்டும் என்று எமது பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க முடியாது. பயந்து அறைக்குள் படுத்திருக்கும் பிள்ளைக்கு இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்ல வேண்டும்.

பகிடிவதை வேறு விஷயம். அதைக் கூச்சத்தோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். "எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்கொள்" என்று எந்தப் பெற்றோரும் சொல்ல வேண்டாம். சொல்ல வாய் வராத பிள்ளைதான் அதில் அதிகம் அகப்படுகிறது.

சங்கம் இதில் செய்யக்கூடியது என்ன? பெரிய நிதி தேவையில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை போல வருடக்கணக்கில் இழுபடும் வேலையுமில்லை. எமது தோட்டக் கமிட்டி ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறது: எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பீடத்தில், எந்தத் தோட்டத்துப் பிள்ளை, எத்தனையாம் வருடம். யாழ்ப்பாணம், பேராதனை, வந்தாறுமூலை, ஒலுவில், பதுளை என்று இதுவரை ஐந்து இடங்களில் எமது சுற்றுவட்டத்துப் பிள்ளைகள் இருப்பது எமக்கே இப்போதுதான் தெரிகிறது. புதிதாகப் போகும் பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒருவரின் தொலைபேசி இலக்கம் போகுமுன்னரே கையில் இருக்க வேண்டும். முதல் நாள் பஸ்ஸில் கூடப் போக ஒருவர் வேண்டும். முதல் விடுமுறைக்கு வரும்போது பரீட்சையைப் பற்றியல்ல, யாரோடு இருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்க ஒருவர் வேண்டும்.

மற்றத் தோட்டக் கமிட்டிகளும் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, தங்கள் பெயர்ப் பட்டியலை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பெயர்களை அனுப்புமுன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் சேரும் காசில் கொஞ்சத்தைப் பஸ் செலவுக்கு ஒதுக்கினால் பிள்ளைகள் குறை சொல்லமாட்டார்கள்.