இலை உதிர்ந்தால் மரம் பட்டுப்போனதா?



பொன்சாய் மரத்தைக் குளிர்காலத்தில் காப்பாற்றுவது எப்படி என்று எழுதப் போகிறேன். "நம் நாட்டில் ஏது சார் குளிர்காலம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நமக்கு இல்லைதான். ஆனால் தோட்டத்திலிருந்து படித்துப் போன பிள்ளைகள் சிலருக்கு உண்டு.

என் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறாள். போன கோடையில் கடையொன்றில் சிறிய பொன்சாய் மரம் வாங்கிப் படம் அனுப்பினாள். பார்த்தால் நம்மூர் கல்லிச்சி! ஆலுக்கும் அரசுக்கும் உறவு. மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள். பறவை எச்சத்தில் விழுந்து, பழைய சுவர்ப் பிளவிலும் முளைக்குமே, அதே மரந்தான். "நம்ம ஊர் மரம் சார்" என்று அவளுக்கு அத்தனை மகிழ்ச்சி.

டிசம்பரில் இன்னொரு படம் வந்தது. இலை பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. "ஒரு மரத்தைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. நான் இங்கே எதற்கு இருக்கிறேன் என்று தோன்றுகிறது சார்" என்று எழுதியிருந்தாள். அவள் கவலை மரத்தோடு நிற்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அவள் தாயாரைத் தேடி லயத்துக்குப் போனேன். நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாத்தியாரே, பிப்ரவரி, மார்ச்சுல நம்ம பால்மரமெல்லாம் மொட்டையா நிக்குதே, செத்தா போச்சு? பாலும் குறையும், கையில காசும் குறையும். ஆனா புது இலை வர்ற நேரத்துல மரத்தைப் போட்டு வதைக்கக் கூடாது. பாப்பாகிட்ட நானே பேசுறேன்."

அன்றிரவே பேசினார். நான் என் பங்குக்கு விவரம் கேட்டேன். மூன்று தவறுகள் தெரிந்தன.

முதலாவது வெளிச்சம். ரப்பர் மரம் இலை உதிர்ப்பது அதன் இயல்பு. கல்லிச்சியோ ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பது. வெளிச்சம் திடீரென்று குறைந்தால் இலையைக் கொட்டிவிடும். நம் நாட்டில் எந்த மாதமும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். இங்கிலாந்தில் டிசம்பர் மாதப் பகல் 8 மணி நேரந்தான். அவளோ மரத்தை அறை மூலையில், சூடேற்றும் கருவிக்கு மேலே வைத்திருந்தாள். தெற்குப் பார்த்த சன்னலருகே, அனல் படாத இடத்துக்கு மாற்றச் சொன்னேன்.

இரண்டாவது தண்ணீர். இலை குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். விரலால் மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித் துளை வழியே வடியும்வரை ஊற்றவேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. நலிந்த மரத்துக்கு உரமும் வேண்டாம்.

மூன்றாவது வெட்டு. நவம்பரில் கிளைகளைக் கடுமையாக வெட்டியிருக்கிறாள். குளிர் நாட்டில் பெரிய வெட்டு, தொட்டி மாற்றுவது எல்லாம் மரம் தழைக்கும் காலத்தில்தான். கிளை ஆறு முதல் எட்டு இலை விட்டதும், இரண்டு மூன்று இலை மட்டும் விட்டு நறுக்கினால் மரம் அடர்த்தியாகும். வெட்டிய இடத்தில் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர் இருக்கிறதா என்று அறியச் சிறு கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் பொறுத்திருக்கலாம். அவள் சுரண்டினாள், பச்சை தெரிந்தது.

ஏப்ரலில் மூன்றாவது படம் வந்தது. கிளை நுனிகளில் தளிர்! "அம்மாவிடம் காட்டுங்கள் சார்" என்றாள். "நீயே கூப்பிட்டுச் சொல்" என்றேன். அதன் பிறகு வாரம் தவறாமல் கூப்பிடுகிறாளாம். இரவுக் குளிர் 12 டிகிரிக்குக் கீழே போகாத காலம் வந்ததும் மரத்தை வெளியே வை, முதலில் நிழலில் வைத்துப் பழக்கு, இலையுதிர் காலத்தில் குளிர் இறங்குமுன்னே உள்ளே எடுத்துவிடு என்றும் சொல்லியிருக்கிறேன்.

நம் நாட்டில் கல்லிச்சி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வரவேற்பறைக்குள் அடைக்காதீர்கள். இது நம் வெயிலுக்குப் பிறந்த மரம். வாசலிலோ, அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலோ வையுங்கள். இங்கே எந்த மாதமும் நறுக்கலாம், மரம் நன்றாகத் தழைத்திருந்தால்.

தூர தேசத்தில் பிள்ளை இருக்கும் பெற்றோர்களே, "எனக்குப் படிப்பில்லை, நான் என்ன சொல்ல?" என்று ஒதுங்காதீர்கள். பால்காட்டில் நீங்கள் கற்றது அங்கேயும் உதவும்.